ஒரு டம்ளர் பாலுக்குக் கோட்டை அடுப்பு

அக்டோபர் மாதம், காலை ஏழு மணி. டொரண்டோவின் கிழக்கே ஸ்காபரோவில், ஒரு சிறிய இரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்று ரூஃப்டாப் யூனிட் ஒன்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே 8 டிகிரி. மேல்மாடி முழுவதற்கும் சூடும் குளிரும் தருவது அந்த ஒரே இயந்திரம்தான். பெரிய புளோவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சின்ன விசிறி ஒன்று சுழலத் தொடங்கியது; பர்னர் பகுதியில் தங்கியிருக்கும் வாயுவை வெளியே தள்ளுவது அதன் வேலை. அரை நிமிடம் கழித்து ‘டிக் டிக் டிக்’ என்று பொறி. கேஸ் வால்வு திறந்தது. நீலச் சுடர்கள் வரிசையாகக் குழாய்களுக்குள் பாய்ந்தன. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ‘டக்’ என்று சுடர் அணைந்தது.

அறை சூடாகிவிட்டது என்று எந்தத் தெர்மோஸ்டாட்டும் சொல்லவில்லை. சுடரை நிறுத்தியது லிமிட் சுவிட்ச். ஃபர்னஸுக்குள் காற்று அளவுமீறிச் சூடானால் பர்னரை வெட்டிவிடும் பாதுகாப்பு உறுப்பு அது. நாலைந்து நிமிடத்தில் உள்ளே ஆறியதும் மறுபடி சின்ன விசிறி, மறுபடி பொறி, மறுபடி சுடர், மறுபடி ‘டக்’.

கீழே, மேல்மாடியின் வடக்கு மூலை அறையில், வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சொன்னதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் இந்தக் கோளாறைச் சொல்லியிருக்காது. “தம்பி, சூடு வருது, போகுது, வருது, போகுது. ஒரு நிமிசம் வேர்க்குது, அடுத்த நிமிசம் விறைக்குது. ஜக்கெற்றக் கழட்டவும் ஏலாமக் கிடக்கு.” பிறகு இன்னொன்றும் சொன்னார்: “தை மாசம் இப்பிடி இல்லை. மைனஸ் பதினைஞ்சிலயும் இந்த அறை நல்லாத்தான் இருந்தது.”

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. கடுங்குளிரில் ஒழுங்காக வேலை செய்யும் இயந்திரம் இளங்குளிரில் ஏன் திணறுகிறது? நிறையச் சூடு கொடுப்பது கடினம், கொஞ்சம் சூடு கொடுப்பது சுலபம் என்றுதானே எல்லோரும் நினைப்போம். இந்தத் தொழிலில் அது நேர் தலைகீழ்.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் கோட்டை அடுப்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்க அதைவிட நல்ல அடுப்பு கிடையாது. அதே அடுப்பில், அதே தீயில், கைக்குழந்தைக்கு ஒரு டம்ளர் பால் காய்ச்சச் சொன்னால்? பொங்கி வழியும், அடிப்பிடிக்கும். பாத்திரத்தை வைப்பதும் எடுப்பதுமாக நிற்க வேண்டியதுதான். அந்த மொட்டைமாடி இயந்திரம் செய்துகொண்டிருந்ததும் அதைத்தான்.

கணக்கைப் பார்க்கலாம். அது குளிரூட்டலில் 5 டன் யூனிட். சூடாக்கும் பக்கத்தில் மணிக்கு 1,50,000 பி.டி.யு. கேஸை எரிக்கும், அதில் 80 சதவீதம் காற்றுக்குப் போய்ச் சேரும். கிலோவாட்டில் சொன்னால் சுமார் 35. புளோவர் நிமிடத்துக்கு 2000 கன அடி காற்றைத் தள்ளுகிறது. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 1.2 கிலோஜூல் போதும். ஆகவே 35 கிலோவாட்டை வாங்கிக்கொள்ளும் அந்தக் காற்று 31 டிகிரி சூடேறும். 20 டிகிரியில் உள்ளே போனால் 51 டிகிரியில் வெளியே வரும். ஜனவரியில் எல்லா அறைகளும் சூடு கேட்கும்போது நடப்பது இதுதான். நல்ல ஓட்டம், நீண்ட நேரம் எரிதல், அமைதியான அறைகள்.

ஆனால் அந்த மேல்மாடி ஆறு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தெர்மோஸ்டாட். அதற்குப் போகும் டக்ட்டில் மோட்டார் வைத்த மடல் ஒன்று, டேம்பர் என்பார்கள். சூடு கேட்கும் அறைக்கு டேம்பர் திறக்கும், போதும் என்றால் மூடும். அக்டோபர் காலையில் தெற்குப் பக்க அறைகளில் வெயில் விழுகிறது. உட்கார்ந்து வேலை செய்யும் மனிதர் ஒவ்வொருவரும் அறைக்காற்றுக்கு 75 வாட் அளவுக்குச் சூடு தருகிறார். கணினி, விளக்கு, காபி மெஷின் எல்லாம் சேர்ந்தால் அந்த அறைகளுக்கு வேறு சூடே வேண்டாம். சூடு கேட்பது வடக்கு மூலை மட்டும். வெளியே மைனஸ் 18 ஆக இருக்கும்போது அந்த அறை இழப்பது ஏறக்குறைய 4 கிலோவாட். 8 டிகிரியில் இழப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆட்களும் கணினிகளும் தருவதைக் கழித்தால் தேவை ஒரு கிலோவாட். அதாவது ஒரு இஸ்திரிப்பெட்டியின் சூடு. அதைக் கொடுக்க 35 கிலோவாட் பர்னர் பற்றிக்கொள்கிறது.

ஐந்து டேம்பர்கள் மூடியிருக்க, திறந்திருக்கும் ஒன்றின் வழியே போகக்கூடியது நிமிடத்துக்கு 400 கன அடி, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் காற்று மட்டும் 35 கிலோவாட்டையும் சுமக்க வேண்டுமானால் 155 டிகிரி ஏற வேண்டும். அந்த அளவுக்கு எந்த ஃபர்னஸும் போகவிடாது. 80 டிகிரி வாக்கில் லிமிட் சுவிட்ச் குறுக்கே வந்துவிடுகிறது.

இந்த மாதிரிப் பிரிவு அமைப்புகளில் பைபாஸ் டேம்பர் என்று ஒன்று வைப்பது வழக்கம். மற்ற வழிகள் மூடும்போது, மிஞ்சிய காற்றைத் திரும்பு டக்ட்டுக்கே சுற்றிவிடும் குறுக்குவழி. காற்றழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க அதற்குப் பயன் உண்டு. புளோவர் எப்போதும் போல 2000 கன அடி ஓட்டுகிறதே, இனி சிக்கல் இல்லை என்று பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். நானும் தொழில் பழகிய புதிதில் அப்படித்தான் நம்பினேன்.

கையால் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் கண் திறந்தது. முதல் சுற்றில் 20 டிகிரிக் காற்று 51 ஆகிறது. அதில் ஐந்தில் நாலு பங்கு பைபாஸில் திரும்புகிறது, ஒரு பங்கு மட்டும் அறையிலிருந்து 20 டிகிரியில் வருகிறது. இரண்டும் கலந்தால் 45. இரண்டாம் சுற்றில் அது 76. மறுபடி கலந்தால் 65. மூன்றாம் சுற்றில் 96. லிமிட் தாண்டியாயிற்று. இப்படியே விட்டால் எங்கே போய் நிற்கும்? 175 டிகிரியில். பைபாஸே இல்லாமல் 20 உடன் 155 கூட்டினாலும் அதே 175. பைபாஸ் ஒரு டிகிரியைக்கூடக் குறைக்கவில்லை. கொஞ்சம் தாமதப்படுத்தியது, அவ்வளவுதான். வெளிக்காற்று கலப்பதும் டக்ட் சுவர்கள் சூட்டை உறிஞ்சுவதும் இந்த எண்ணைக் குறைக்கும். போகும் திசையை மாற்றாது. சூடு கட்டடத்துக்குள் இறங்க ஒரே வழி, திறந்திருக்கும் அந்த ஒரு அறை. காற்றை எத்தனை முறை சுற்றவிட்டாலும் வழி அகலமாகிவிடாது.

அறையின் அசௌகரியம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அதிகக் கவலை தருவது ஹீட் எக்ஸ்சேஞ்சர். சுடர் குழாய்க்கு உள்ளே, அறைக்குப் போகும் காற்று குழாய்க்கு வெளியே. இடையில் நிற்பது மெல்லிய இரும்புத் தகடு. எரியும்போது விரியும், அணையும்போது சுருங்கும். நாளுக்குப் பத்து இருபது முறை விரிந்து சுருங்க வேண்டியது நூறு முறைக்கு மேல் அதைச் செய்தால், வளைவுகளிலும் ஒட்டுகளிலும் விரிசல் விடுகிறது. விரிசல் வழியே எரிவாயுப் புகை அறைக்காற்றில் கலக்கலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். நிறமும் மணமும் இல்லாத நஞ்சு அது. ஒன்டாரியோவில் விரிசல் விட்ட ஃபர்னஸைக் கண்டால் உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியன் சிவப்புச் சீட்டு ஒட்டி நிறுத்தியே ஆக வேண்டும். இளங்குளிர் மாதங்களில் யாரும் கவனிக்காமல் போன தேய்மானம், ஒரு ஜனவரி இரவில் கட்டடத்தையே குளிரில் நிறுத்திவிடும்.

நீர்கோப்பதும் உண்டு. இயற்கை எரிவாயு எரிந்தால் நீராவி உண்டாகும். புகை 55 டிகிரிக்குக் கீழே ஆறினால் அது நீராகிவிடும், லேசான அமிலத்தோடு. சாதாரண எக்ஸ்சேஞ்சர் நன்றாகச் சூடேறி நெடுநேரம் எரிந்தால் உள்ளே உலர்ந்துவிடும். இரண்டு நிமிடம் எரிந்து ஐந்து நிமிடம் ஆறும் தகட்டுக்கு உலர நேரமே கிடைப்பதில்லை. துரு உள்ளிருந்து தின்கிறது. எரிகிற ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் சின்ன விசிறி சூட்டை வெளியே தள்ளுவதால் கேஸும் வீண்.

ஏன் இவ்வளவு பெரிய பர்னர்? அந்த மேல்மாடி முழுவதற்கும் கடும் ஜனவரியில்கூட 18 கிலோவாட் போதும் என்று பிறகு கணக்கிட்டேன். இதே 5 டன் பெட்டி சின்ன பர்னரோடும் கிடைக்கும். பொருத்தியவர் பெரியதையே எடுத்திருக்கிறார், ‘இருக்கட்டும், குறைந்துபோனால் என்ன செய்வது’ என்ற பயத்தில். குளிர்கிறது என்று ஜனவரியில் தொலைபேசி அடித்தால் அது அவர் தலையில் விழும். அக்டோபரில் பர்னர் விக்கினால் அதற்கு அவர் பெயரை யாரும் சொல்லப்போவதில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டொரண்டோவில் மைனஸ் 18ஐத் தொடும் நேரம் வருடத்தில் மிகக் கொஞ்சம்தான். ஜனவரியின் சராசரியே மைனஸ் 4, 5 வாக்கில். மிச்சமுள்ள ஆயிரக்கணக்கான சூடாக்கும் மணிகள் எல்லாம் அரைச்சுமை, கால்சுமை, அதற்கும் கீழே.

அறைக்கு அறை வேறு வேறு சூடு என்பது இன்றைய ஆசை அல்ல. விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்பவர் பாடம் நடத்தினார். வகுப்பு நடுவே பணியாளர் உள்ளே வந்து வெப்பநிலையைப் பார்ப்பார். பிறகு அடித்தளத்துக்கு இறங்கிப்போய் டேம்பரைத் திருப்புவார். இந்த இடைஞ்சலைத் தீர்க்கத்தான் ஜான்சன் அறைக்குள் மின்சாரத் தெர்மோஸ்டாட்டை அமைத்து, 1883இல் காப்புரிமை பெற்றார். முதலில் அது அடித்தளத்துப் பணியாளருக்கு மணி அடித்தது. எந்த அறைக்கு எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்ய அங்கே ஒரு மனிதர் இருந்தார். ஒரே ஒரு அறை மணியடித்தால் கொஞ்சம் பொறுப்போம், மற்றவையும் அடிக்கட்டும் என்று அவரால் யோசிக்க முடியும். அந்த யோசனையைத்தான் இன்று டேம்பர்களையும் பர்னரையும் இயக்கும் கன்ட்ரோலருக்குள் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

ஸ்காபரோ கட்டடத்தில் செய்தது நாலு காரியம். கன்ட்ரோலரில் வாக்கெடுப்பு ஒன்று உண்டு: எந்தெந்தப் பிரிவு சூடு கேட்கிறது, எவ்வளவு தூரம் குறைந்திருக்கிறது என்று கூட்டிப் பார்க்கும். ஒரு வாக்கு வந்தாலே பர்னரை எரி என்று இருந்ததை மாற்றி, தேவை ஒரு அளவைத் தாண்டும்வரை பொறு என்று வைத்தேன். அடுத்து, பர்னர் எரியும்போதெல்லாம் பக்கத்துப் பிரிவுகளின் டேம்பர் முழுக்க மூடாமல் மூன்றில் ஒரு பங்காவது திறந்திருக்கும்படி செய்தேன். அந்த அறைகள் அரை டிகிரி, முக்கால் டிகிரி கூடுதலாகச் சூடேறும். அங்கே இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் சுவரும் மேசையும் தரையும் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். கட்டடத்தையே ஒரு சூட்டுப் பானையாகப் பயன்படுத்துவது இது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. புதிதாக எந்த இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த வித்தை இதுதான்.

மூன்றாவது, சப்ளை டக்ட்டில் ஒரு வெப்ப உணரி. காற்று 60 டிகிரியைத் தொட்டதும் கன்ட்ரோலரே பர்னரை நிறுத்தும்; ஐந்து நிமிடம் மறுபடி எரிய விடாது. லிமிட் சுவிட்ச் ஆபத்துக்கு வைத்த காவல். அதைத் தினசரி வேலைக்கு இழுத்தால் ஒரு நாள் ஒட்டிக்கொண்டு பர்னரை வெட்டாமலே போகலாம். எத்தனையோ இடங்களில் அந்தச் சுவிட்ச்தான் வருடக்கணக்காகத் தெர்மோஸ்டாட் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

நாலாவது மிக எளிமையானது. அக்காவின் ஜன்னலுக்குக் கீழே 1.5 கிலோவாட் மின்சார பேஸ்போர்டு ஹீட்டர். அந்த மூலை மட்டும் சூடு கேட்டால் முதலில் அது வேலை செய்யும், மேலே பர்னர் தூங்கும். மின்சாரத்தில் ஒரு யூனிட் சூடு கேஸைவிட விலை அதிகம்தான். ஆனால் ஒரு கிலோவாட்டுக்காக 35 கிலோவாட்டை எழுப்பாமல் இருப்பதன் லாபம் பெரிது. ஜன்னலடியில் வைப்பதற்கும் காரணம் உண்டு. கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று தரையோடு இறங்கிக் காலில் படுவதை அது அங்கேயே தடுக்கிறது.

பெரிய கட்டடங்களில் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வருகிறது. அங்கே மத்திய இயந்திரம் வருடம் முழுக்க 13 டிகிரி வாக்கில் குளிர்காற்றை அனுப்பும். ஒவ்வொரு பிரிவிலும் உட்கூரைக்கு மேலே ஒளிந்திருக்கும் வி.ஏ.வி. பெட்டி அதை வேண்டிய அளவு விடும், தேவையென்றால் வெந்நீர்ச் சுருளால் மறுபடி சூடாக்கும். குளிர்வித்த காற்றையே சூடாக்குகிறோம் என்பதால், எவ்வளவு குறைவாக விடலாம் என்பதே அங்கே கேள்வி. குறைந்தபட்சம் 30 சதவீதம் என்று பல காலம் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கும் கீழே போனால் காற்று கலக்காது, ஆட்கள் புகார் செய்வார்கள் என்ற நம்பிக்கை. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குளிர்சாதனப் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேக்காக, ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த அலுவலகங்களிலேயே அதை 10 முதல் 20 சதவீதமாகக் குறைத்துப் பார்த்தார்கள். புகார் கூடவில்லை, குறைந்தது. அதுவரை கோடையில் அலுவலகத்துக்குள் நடுங்கியவர்கள் பலர் அந்த 30 சதவீதக் குளிர்காற்றால்தான் நடுங்கியிருக்கிறார்கள். 2018இல் ஆஷ்ரே வெளியிட்ட 36ஆம் எண் வழிகாட்டி இந்த முறையை வரிசைப்படுத்திக் கொடுத்தது. சூடு வேண்டுமென்றால் முதலில் காற்றின் அளவைக் கூட்டாமல் அதன் வெப்பத்தைக் கூட்டு. அறையைவிட 11 டிகிரி கூடுதல் என்ற எல்லை வந்த பிறகே அளவைக் கூட்டு. கூரையிலிருந்து வரும் காற்று அதைவிடச் சூடானால் கூரையடியிலேயே மிதந்து திரும்பு டக்ட்டின் வாய்க்குள் போய்விடும், கீழே உட்கார்ந்திருப்பவரின் காலுக்கு எட்டாது.

பர்னரைக் குறைத்து எரிக்கவே முடியாதா என்று கேட்கலாம். முடியும். இரண்டு நிலை பர்னர்கள் வெகுநாளாக உண்டு. ஆனால் பெரும்பாலும் கீழ்நிலை என்பது முழுத்தீயில் ஏறக்குறைய 70 சதவீதம். நம் கணக்கில் 35க்குப் பதில் 24.5 கிலோவாட். இஸ்திரிப்பெட்டிக்கு அதுவும் கோட்டை அடுப்புதான். தீயைப் படிப்படியாகக் குறைக்கும் வால்வுகள் ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று வரை இறங்கும். விலை அதிகம்; புகை சீக்கிரம் ஆறி நீர்கோக்கும் என்பதால் எக்ஸ்சேஞ்சரும் துருப்பிடிக்காத எஃகில் வேண்டும்.

எனக்கு நம்பிக்கை தருவது ஹீட் பம்ப். வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துவரும் அந்த இயந்திரம் கடுங்குளிரில்தான் தடுமாறும். வெளியே 8, 10 டிகிரி இருக்கும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நாலு யூனிட் சூடு தரும். அது தரும் காற்று 35, 40 டிகிரி தான்; லிமிட் சுவிட்சைச் சீண்டும் வேகமே அதற்குக் கிடையாது. இன்வர்ட்டர் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்து மெதுவாக நெடுநேரம் ஓடும். அது எடுக்கும் மின்சாரத்திலும் புகை குறைவு: ஒன்டாரியோவில் 2014இல் நிலக்கரி மின்சாரம் நின்றுவிட்டது. பெரும்பகுதி அணுவும் நீர்மின்னும். கேஸ் பர்னரை மைனஸ் 10க்குக் கீழே மட்டும் எழுப்பும் கலப்பு யூனிட்கள் இப்போது மொட்டைமாடிகளில் ஏறத் தொடங்கியிருக்கின்றன. அவற்றுக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. முழு வேகத்தில் கால் பங்குக்குக் கீழே பல கம்ப்ரஸர்கள் இறங்காது. 5 டன் யூனிட்டில் அது நாலைந்து கிலோவாட். ஒரு கிலோவாட் மூலைக்கு அதுவும் கூடுதல்தான். ஆனால் 35 எங்கே, நாலு எங்கே.

நவம்பர் கடைசியில் அந்தக் கட்டடத்துக்கு மறுபடி போனேன். மொட்டைமாடியில் கால்மணி நேரம் நின்றேன். பர்னர் ஒருமுறைதான் பற்றியது, பதினோரு நிமிடம் எரிந்தது. எக்ஸ்சேஞ்சருக்குள் கேமராவை விட்டுப் பார்த்தேன். மூன்றாவது குழாயின் வளைவில் தகடு கறுத்து, மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. விரிசலா, கீறலா என்று ஒளியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், இன்னும் விரிசல் விடவில்லை. தேதியோடு படம் எடுத்துக்கொண்டேன், பிப்ரவரியில் மறுபடி பார்க்க. உரிமையாளருக்குப் புது யூனிட்டுக்கான மதிப்பீடும் அன்றே எழுதினேன். அதில் முதல் வரியாக எழுதியது, அந்த இயந்திரம் எவ்வளவு குறைவாக ஓட முடியும் என்ற எண்ணை. அதிகபட்சம் இரண்டாவது வரியில்.